காணாதவர் சான்று

2024 நவம்பர் 14ஆம் நாள் நடிகர் சூர்யாவின் ‘கங்குவா’ திரைக்கு வந்தது. யூடியூப் விமர்சகர் பலர் உடனே அதனைக் கடிந்துரைத்தனர். இத்தகைய விமர்சனங்களால் படங்கள் நட்டமடைகின்றன எனக் குறைப்பட்ட தயாரிப்பாளர்கள், புதிய படங்களை முதல் மூன்று நாள்கள் விமர்சிக்கத் தடை வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அது முறையே. காசு கொடுத்துப் பார்த்தவரை வாய்மூடச் சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

எம் கவலை விமர்சகரைப் பற்றியதன்று, கேட்போரைப் பற்றியது. தச்சநல்லூரில், அரங்கின் படியே மிதியாத பிள்ளைகள் அப்படத்தின் குறைகளை வரிசையாக ஒப்பித்தனர். சொற்கள் மட்டுமல்ல, நையாண்டியும் குரலின் ஏற்ற இறக்கமும்கூட விமர்சகருடையவை! இத்தகையோரை வகுப்பறையில் யாம் நெடுங்காலம் அறிவோம். செய்யுளைப் படியாது உரைநூலை மனப்பாடம் செய்த மாணவர் பெரும்பாலும் பிழையாக எழுதுவதில்லை, ‘ஏன் அவ்வாறு?’ என ஒரு வினா எழுப்பினால்தான் விழிப்பர்.

விமர்சகர் கண்டு சொன்னார். சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சூர்யாவின் துணைவியார் ஜோதிகாவே, முதல் அரைமணி நேரம் சரியில்லை, ஒலி மிகுதி என ஒப்புக்கொண்டு, ஏனையவற்றைப் போற்றி எழுதினார். அவரும் கண்டே எழுதினார். காணாதவர் அதே சொற்களை ‘என் கருத்து’ என்னும்போது, மெய்ச்சொல்லும் பொய்ச்சான்றாகிறது. அச்சான்றால் தாழ்வது நடிகர் பெயர் மட்டுமன்று. தையற்காரர், ஒப்பனையாளர், விளக்கு தாங்கியவர் உழைப்புமாம்.

அப்படத்தை யாமும் பார்க்கவில்லை. ஆதலின் அது நன்றோ தீதோ என இங்கு எழுதோம்.