கடைசியாகச் சாப்பிடுகிறவள்

உணவுக் கோளாறுகளைக் கண்டறியும் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கித் தரச் சொன்னார், உளவியல் படித்த தோழி. 1982இல் கனடாவில் வடிவமைத்தது. 26 கூற்றுகள்; ‘எப்போதும்’ என்றால் பெரும்பாலானவற்றுக்கு 3 மதிப்பெண்; மொத்தம் 20ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். என் தமிழ் புரிகிறதா என்று பார்க்க, தென்னேரியில் தார் சுற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் வாசித்தேன்.

“பசிக்கும்போது சாப்பிடுவதைத் தவிர்க்கிறேன்.”

“எப்பவும்தான். மாமா தறிய விட்டு எழுந்து வர வேணாமா?”

“எந்நேரமும் உணவைப் பற்றியே நினைக்கிறேன்.”

“ராத்திரிக்கு என்ன ஆக்கறதுன்னு வேற யாரு நினைக்கிறது?”

குண்டாகிவிடும் பயம் உண்டா என்றதும் சிரித்துவிட்டார்.

1989இல் மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் நடந்தது. வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் இதே தாளை இந்தியில் கொடுத்தபோது, கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். நோன்புப் பழக்கமும், சில கூற்றுகளை அவர்கள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டதும் காரணம்.

அப்படியானால் இது மேல்நாட்டு நோய், நம் பெண்களுக்கு இல்லை என்று முடித்துவிடலாமா? நானும் அப்படித்தான் முடித்திருந்தேன்.

என் வகுப்பில் ஒருத்தி செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று விரதமிருந்தாள். பிறகு விரத நாளுக்கும் மற்ற நாளுக்கும் வித்தியாசமில்லாமல் போயிற்று. மாதவிலக்கு நின்று பல மாதமாகியிருந்தது பின்னால்தான் தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவர் ரத்தசோகை என்று மாத்திரை எழுதினார். எடை கூடிவிடும் என்று பயமா என்று கேட்டதற்கு, “இல்ல, உள்ள எறங்க மாட்டேங்குது” என்றாளாம். பயம் இல்லை, ஆகவே நோயும் இல்லை.

அந்தப் பயம் இல்லாமலே உண்ண மறுத்து மெலிந்த பெண்களைப் பற்றி ஹாங்காங்கில் சிங் லீ 1993இலேயே எழுதியிருக்கிறார். 1995இல் இந்திய மருத்துவர்களும் அப்படி ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல்தான் மாறியது: பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை கூடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும், மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. அதுவரை ஆண்களை எந்தக் கட்டத்தில் வைத்தார்களோ!

கையேட்டை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் பாடம் நடத்தும் மணிமேகலையில் காயசண்டிகையின் தீராப்பசிக்கு ‘ஆனைத்தீ’ என்று பெயரே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு சாபம், அமுதசுரபியில் மருந்து. தின்று தீராத பெண்ணுக்கு நோயின் பெயர் கிடைத்துவிட்டது. உண்ணாத பெண்ணுக்கு நாம் வைத்திருப்பவை நோன்பு, தவம், அடக்கம். எல்லாமே பாராட்டுச் சொற்கள். (காரைக்கால் அம்மையாரை நோயாளியாக்குவது என் நோக்கமில்லை. பேயுருவை அவர் கேட்டு வாங்கினார். என் மாணவி எதையும் கேட்கவில்லை.) வீட்டில் அவள் அம்மாவுக்குப் பெருமை. கடைசியாக, மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று எந்த வீட்டில் யார் பார்த்தார்கள்?

தாளில் ஒரு கூற்று இன்னும் தமிழாகவில்லை. ‘உணவு விஷயத்தில் சுயக்கட்டுப்பாடு காட்டுகிறேன்’ என்று எழுதி அடித்துவிட்டேன். “கட்டுப்பாடுன்னா இவளைப் பாருங்க” என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தியது நான்தான். தோழி இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.