பட்டி

விடியவில்லை. அணைத் தண்ணீரின் மேல் பனி படுத்திருக்கிறது. லயத்தில் இரண்டு அடுப்புகள்தான் புகைகின்றன. ஊர்ப் பெயரையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாட்டுப்பட்டி. 1963-இல் சுவிஸ் உதவியோடு இங்கே மாட்டுப் பண்ணை வந்தபோது இந்தப் பெயர் இன்னும் பொருந்திப்போனது. பகலெல்லாம் மேய்ந்தவை பொழுது சாய்ந்ததும் வந்து சேரும் இடம்தான் பட்டி. ராத்திரிக்குத்தான் அடைப்பு. விடிந்தால் படலைத் திறந்துவிட வேண்டும்.

*

முந்தாநாள் ஒருவர் வந்து பாட்டியின் பித்தளைத் தூக்குவாளியை விலைக்குக் கேட்டார். தங்கும் விடுதிச் சுவரில் மாட்டவாம். அம்மா கொடுக்கவில்லை. அவர் போனபின் கேட்டேன்: "இது எந்த ஊர்லம்மா செஞ்சது?" அம்மாவுக்குத் தெரியவில்லை. மூடியில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது. அடித்துச் செய்த கையைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

அன்றிலிருந்து, பொருளோடு அதைச் செய்தவர்களையும் விசாரித்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமியின் நினைவாகவே இருக்கிறது.

*

1877-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை முத்து குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை போய்விட்டார். வளர்ந்ததும் படித்ததும் இங்கிலாந்தில். படிப்பு மண்ணியலும் தாவரவியலும். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராக வந்தார். தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர் அவர்தான்.

கல் தேடிப் போனவருக்கு வழியில் மனிதர்கள் தென்பட்டார்கள். கண்டிச் சீமையின் கிராமங்களில் தச்சர்கள், கன்னார்கள், நெசவாளர்கள், பாய் முடைகிறவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த வேலை தன் கண்முன்னே அற்றுப்போவதை அவர் பார்த்தார். மனைவி எதெல் படம் எடுக்க, இவர் குறித்துக்கொண்டே போனார். அந்தக் குறிப்புகள்தான் 1908-இல் வந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூல். ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்தில், அருகிலிருந்து கவனித்து, பதினைந்து மாதம் அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள். பொருளைப் பற்றிய நூலில் அதைச் செய்தவர்களின் வாழ்வுக்கும், ஊரில் அவர்களுக்கு இருந்த இடத்துக்கும், நிலத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அங்கேதான். சுவரில் மாட்ட வாளி கேட்டு வந்தவர் இதில் ஒன்றைக்கூட விசாரிக்கவில்லை. நாங்களும்தான் இத்தனை வருஷம் விசாரிக்கவில்லை.

*

பிறகு வட இந்தியா. ராஜஸ்தானத்திலும் இமயமலைச் சிற்றரசுகளிலும் வரைந்த சின்னஞ்சிறு ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். அப்போது அவற்றையெல்லாம் முகலாயப் பாணி என்றே பலரும் ஒரே கட்டாகக் கட்டிவைத்திருந்தார்கள். பாறையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்த கண் அவருடையது. ராஜபுத்திர ஓவியம் வேறு, அதற்குள் ராஜஸ்தானி வேறு, பஹாடி வேறு என்று பிரித்துக் காட்டி, 1916-இல் இரண்டு தொகுதி நூலாக வெளியிட்டார். சேர்த்தால்தான் ஒப்பிட முடியும், ஒப்பிட்டால்தான் விளங்கும். அவர் சேர்த்தது அதற்காக.

*

சேர்த்ததை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் எழுப்பினால் அத்தனையையும் தந்துவிடுகிறேன் என்றார். கட்டடத்துக்குப் பணம் திரளவில்லை. 1917-இல் தொகுப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அந்த அருங்காட்சியகத்தின் புரவலர் டென்மன் ராஸ் விலைக்கு வாங்கி அங்கே கொடுத்தார். தொகுப்போடு குமாரசுவாமியும் போனார், அதன் காப்பாளராக. அடுத்த முப்பது வருஷம் அங்கேதான்.

இந்த இடத்தில் என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை. ஒருவர் இரு கையாலும் நீட்டியிருக்கிறார். வாங்க இங்கே ஒரு கை இல்லை. மூன்று வருஷம் கழித்து, 1920-இல், அதே காசியில் ராய் கிருஷ்ணதாஸ் என்ற கலைச் சேகரிப்பாளர் பாரத் கலா பவன் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். மூன்றே வருஷம்.

*

காட்சிக்கு வைப்பதற்காக இந்தக் கலைப்பொருள்கள் செய்யப்படவில்லை என்று அருங்காட்சியகத்துக்குள் இருந்துகொண்டே குமாரசுவாமி எழுதினார். நமக்கு இது எளிதில் புரியும். உற்சவ மூர்த்தியைப் பட்டும் பூவும் சாத்தி வீதியில் பார்த்தவர்கள் நாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் வெண்கலமாக நிற்கும்போது அந்த மூர்த்தி எதையோ இழந்துதான் நிற்கிறது. அந்த இழப்பை எழுத்தால் ஈடுசெய்ய அவர் வாழ்நாள் முழுக்க முயன்றார். நடராஜர் ஆடுவதன் பொருளை 1918-இல் வந்த 'சிவ நடனம்' கட்டுரைத் தொகுப்பில் உலகுக்குச் சொன்னதும் அந்த முயற்சிதான். பட்டியில் அடைபட்டவற்றுக்கு மேய்ச்சல் நிலம் எது என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

செய்தவன் தன் பெயரைப் பொறிக்காததைக் குறையாக அவர் எண்ணவில்லை. வேலை பெரிது, ஆள் அதற்குள் அடங்கியவன் என்பது அவர் கொள்கை. பாட்டியின் வாளியில் செய்தவர் பெயர் இல்லாதது இப்போது உறுத்தவில்லை. ஊர் தெரியாததுதான் உறுத்துகிறது.

*

1947 ஆகஸ்ட் 22-இல் அவருக்கு எழுபது நிறைந்தது. இந்தியா விடுதலை பெற்று ஒரு வாரம். திரும்பி வந்து இங்கேயே இருந்துவிட எண்ணியிருந்தார். செப்டம்பர் 9-இல் அமெரிக்காவிலேயே காலமானார்.

*

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். அம்மா நேற்றிரவு சங்கரன்கோவில் பக்கம் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். பாட்டி கல்யாணத்துக்குச் சீராக வந்த வாளியாம், வாசுதேவநல்லூர்ச் சந்தையில் வாங்கியதாம். செய்த ஊரை விசாரித்துச் சொல்வதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது எண்பத்தொன்று.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு செம்போ குத்துவிளக்கோ இருக்கும். எங்கே செய்தது, யார் கொடுத்தது, எதற்குப் புழங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.