அதுதானா இது?

வழக்குக்காகப் போலீஸ் கைப்பற்றிவைக்கும் சாமானுக்கு மலையாளத்தில் தொண்டி என்று பெயர். எங்கள் கல்பாத்தி அக்ரஹாரத்துத் தமிழிலும் அதேதான். பாலக்காடு ஜில்லாவில் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் நான். பதினோரு வருஷம் தொண்டி அறைச் சாவி என் பாண்ட் பையில்தான் கிடந்தது. அக்ரஹாரத்துப் பிள்ளை போலீஸில் சேர்ந்ததே அம்மாவுக்கு ஜீரணமாகவில்லை. அதிலும் திருட்டுச் சாமானுக்குக் காவல்!

எட்டடிக்குப் பத்தடி அறை. ஸ்பிரிட் அடைத்த பிளாஸ்டிக் கன்னாஸ், ரத்தம் காய்ந்த வெட்டுக்கத்தி, கவரிங்கா தங்கமா என்று தெரியாத சங்கிலி. ஒரு தடவை சேவல் சண்டையில் பிடித்த இரண்டு சேவல்கள். சேவலுக்கு அரக்கு முத்திரை வைக்க முடியாது, தீனிதான் வைக்கலாம். கோர்ட் உத்தரவு வாங்கி ஏலம் விடும்வரை நாலு மணிக்கே கூவிப் பாராக்காரரை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தன.

வேலை என்னவோ எளிது. ஒவ்வொன்றிலும் சீட்டு: கிரைம் நம்பர், தேதி, யாரிடமிருந்து, எந்தச் சாட்சி முன்னால். நூல், அரக்கு, சீல். பிறகு ரெஜிஸ்டர். வெளியே போனால் யார் கையில், எத்தனை மணிக்கு, எப்போது திரும்பியது. வருஷங்கள் கழித்துக் கோர்ட்டில் எம்.ஓ. என்று தொண்டிக்கு நம்பர் விழும். வக்கீல் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி ஒரே கேள்விதான் கேட்பார்: "அன்று எடுத்தது இதுதானா?" "அதுதான் இது" என்போம்.

கூண்டில் நின்று அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் திண்ணை ஞாபகம் வரும். சாயங்காலம் நாலைந்து பேருக்கு வேதாந்தம் சொல்வார். தேவதத்தன் உதாரணம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. அதை ஊருக்கு ஏற்ற மாதிரி திருப்பிக்கொள்வார். காசியில் முன்னொரு நாள் பார்த்த தேவதத்தனை இன்று கல்பாத்தியில் பார்க்கிறாய். அவனே இவன் என்கிறாய். அப்போது வாலிபன், இப்போது கிழவன். ஊர் வேறு, காலம் வேறு. எப்படி ஒன்றாகும்? அந்த ஊரையும் காலத்தையும் தள்ளு, இந்த ஊரையும் காலத்தையும் தள்ளு, மிச்சம் தேவதத்தன். ஈசுவரனின் பெருமையையும் ஜீவனின் சிறுமையையும் அப்படித்தான் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பார்.

போலீஸில் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சட்டம் எதையும் தள்ள விடாது. காசிக்கும் கல்பாத்திக்கும் நடுவில் தேவதத்தன் எந்தச் சத்திரத்தில் படுத்தான், யார் பூட்டினார்கள் என்று கேட்கும். ஒரு ராத்திரிக்குக் கணக்கு இல்லையென்றால் அவன் இவன் இல்லை. லக்ஷ்மி அம்மாள் என்பவள் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தாள், அதுதான் எங்கள் கல்பாத்திக் கோவில் விஸ்வநாத ஸ்வாமி என்பது ஐதீகம். இதுநாள்வரை அதற்கு யாரும் மகஸர் கேட்டதில்லை.

சட்டம் அப்படிக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1990-ல் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலியர் உள்ளாடைக்குள் ஹஷீஷுடன் பிடிபட்டார். கீழ்க் கோர்ட்டில் பத்து வருஷம். ஹைகோர்ட்டில் அந்த ஜட்டி அவருக்குச் சேரவில்லை என்று விடுதலை. நடுவில் தொண்டியில் யாரோ கை வைத்தார்கள் என்ற வழக்கு அதன்பின் எழுந்தது. விசாரணை தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024-ல். 2017-ல் 'தொண்டிமுதலும் த்ருக்சாக்ஷியும்' என்று சினிமா வந்தபோது சக போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

பத்தூர் நடராஜர் கதை இதைவிட விசேஷம். 1976-ல் தஞ்சாவூர்ப் பக்கம் குடிசை அருகே மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்குக் கிடைத்தவர். கைமாறிக் கைமாறி லண்டன் போனார். 1982-ல் அங்கே போலீஸ் பிடித்தது. பத்தூர்க் கோவில் சுவாமியும் விஸ்வநாதர்தான். இடிந்து கிடந்த கோவிலே வாதியாக நின்று வழக்கை ஜெயித்தது. 1991-ல் நடராஜர் திரும்பினார். அதுதானா இது என்று நிரூபிக்க உதவியது எது தெரியுமா? விக்ரகத்தில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும். குருக்கள் கையில் முதலில் கிடைத்திருந்தால் புளி போட்டுத் தேய்த்திருப்பார். தாத்தா தள்ளச் சொன்ன அழுக்குதான் சுவாமிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

என் அறைக்கும் ஒரு அம்பாள் வந்தாள். எல்லையோரக் கிராமத்து உற்சவ விக்ரகம், ஒன்றரை அடி. சாக்கில் கட்டிக் கிணற்றடியில் போட்டிருந்தார்கள். நெற்றியில் காய்ந்த சந்தனம். துடைக்கக் கை துறுதுறுத்தது, துடைக்கவில்லை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, "சாராயத்துக்குப் பக்கத்திலயா வெச்சிருக்கே? ஒரு விளக்காவது ஏத்தப்படாதோ?" என்றாள். ஸ்பிரிட் இருக்கும் அறையில் விளக்கேற்றினால் ஸ்டேஷனே தீபாராதனை ஆகிவிடும். கன்னாஸை எதிர் மூலைக்குத் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான். தெய்வ விக்ரகம் சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள், அதற்கென்று இச்சை உண்டு என்று 1925-லேயே பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. களவு கொடுத்த கோவிலின் சொந்தக்காரியும் அவளே, களவு போன பொருளும் அவளே. என் ரெஜிஸ்டரில் இரண்டாவதற்கு மட்டும்தான் கட்டம் உண்டு.

தொண்டியை ஸ்டேஷனில் வீணாய்ப் போட்டுவைக்காதே, படம் எடுத்து, பாண்டு வாங்கி உரியவரிடம் கொடு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கோவில்காரர்கள் அம்பாளைக் கேட்டு வாங்கினார்கள். விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும் என்று பாண்டு. குருக்கள் வாசித்துவிட்டு என்னைக் கேட்டார்: "நித்யம் அபிஷேகம் பண்ணினா விக்ரகம் தேயுமே, அது உருமாத்தறதுல சேருமோ?" எனக்கும் தெரியவில்லை, வக்கீலுக்கும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நாலு வருஷம் கழித்து விசாரணை. போட்டோவில் இருக்கும் சந்தனம் இதில் எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் எகிறினார். "தினம் குளிச்சா போகாதோ?" என்றார் குருக்கள். விக்ரகத்தைத் திருப்பிப் பீடத்தின் பின்பக்கம் தடவி, அவர் அப்பா காலத்தில் பற்றவைத்த இடத்தைக் காட்டினார். அதுதான் இதுவா என்று மறுபடி கேட்டார்கள்.

"விக்ரகம் அதுதான். அவளும் அவளேதானான்னா, அதைக் கோர்ட்டில சொல்லத் தெரியாது."

முதல் வாக்கியத்தை மட்டும் டைப் அடித்துக்கொண்டார்கள். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சாயரட்சைக்கு நடை திறக்கலாம் என்று குருக்கள் அவசரப்பட்டார். பட்டுத்துணியில் சுற்றி நான்தான் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம், எம்.ஓ. ஒன்று என்ற சீட்டோடு, அவர் மடியில் போனாள்.