இரு நன்மைகளுக்கு இடையே

நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்துகொள்வதே கடினம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், அங்கே வழி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. நடப்பதற்குத்தான் துணிவு வேண்டும். இரு நன்மைகள் ஒருசேர நம் முன் நிற்கும்போதுதான் வழியே புலப்படாமல் மனம் தத்தளிக்கிறது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொள்வோம். 1209-ஆம் ஆண்டில் நகரத்தாரோடு ஏற்பட்ட பூசலால் ஆக்ஸ்போர்டைவிட்டு வெளியேறிய அறிஞர்களே கேம்பிரிட்ஜில் கல்விக்கு வித்திட்டனர். தாய்க்கு மகளே போட்டியானாள். இளநிலைப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கும் மாணவர், பொதுவாக, ஒரே ஆண்டில் இவ்விரண்டில் ஒன்றுக்கு மட்டுமே விண்ணப்பிக்க இயலும். கதவு திறக்குமா என்பது தெரியுமுன்னரே, எந்தக் கதவைத் தட்டுவது என்று அந்த இளம் உள்ளம் முடிவு செய்தாக வேண்டும்.

எதைக் கொண்டு முடிவு செய்வது? 1914-இல் நம் கணிதமேதை இராமானுஜன் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்றார். அவரது கணிதத்தின் ஆழத்தை உணர்ந்து அவரை அழைத்த ஹார்டி என்னும் கணித அறிஞர் அங்கே இருந்தார். தம்முள் இருந்த கொடை எங்கே வளரும் என்பதே அப்பயணத்திற்குக் காரணமாயிற்று. கொடைக்கேற்ற நிலத்தைத் தேடுவது நேர்மையான தேர்வு. பெயருக்காக நிலத்தைத் தேடிவிட்டு, பிறகு அதில் எதை விதைப்பது என்று யோசிப்பது தலைகீழான தேர்வு.

இத்தலைகீழ் நிலையைப் புனித இஞ்ஞாசியார் நன்கு அறிந்திருந்தார். அல்காலா, சலமாங்கா, பாரிஸ் என மூன்று பல்கலைக்கழகங்களின் படிகளை மிதித்தவர் அவர். மனிதர் பலர் வழியை முதலில் தேர்ந்துகொண்டு, இறுதி நோக்கமாகிய இறைவனை அவ்வழிக்கு இணங்கச் செய்ய முயல்கின்றனர் என்று தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் எச்சரிக்கிறார். தெளிவு பெற எளிய சோதனைகளையும் தருகிறார்: முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் நம்மிடம் வந்தால் அவருக்கு என்ன அறிவுரை கூறுவோம்? நம் மரண வேளையில், எப்படித் தேர்ந்திருக்கலாம் என்று விரும்புவோம்? இக்கேள்விகளின் முன்னே ஊராரின் வியப்பும் உறவினரின் பாராட்டும் எடையற்றுப் போகின்றன.

அப்படியானால் கல்விக்கூடத்தின் புகழுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. நல்லாசிரியரும் நல்ல நூலகமும் இறைவனின் கொடைகளே. அவற்றை நாடுவது பெருமையடித்தல் ஆகாது. ஆனால், புகழால் தர இயலாதது ஒன்று உண்டு. 1534-இல் மன்னன் எட்டாம் ஹென்றியின் விருப்பத்திற்கு இணங்கி, திருத்தந்தைக்கு இங்கிலாந்தில் தனி அதிகாரம் இல்லை என்று இவ்விரு பல்கலைக்கழகங்களுமே அறிவித்தன. அறிவின் இரு பெருங்கோட்டைகளும் ஒருங்கே வளைந்தன. வளையாமல் நின்றவர்களுள் ஒருவர் ஆக்ஸ்போர்டில் பயின்ற தாமஸ் மோர்; மற்றொருவர் கேம்பிரிட்ஜின் வேந்தராய் விளங்கிய ஆயர் ஜான் ஃபிஷர். 1535-இல் இரு வார இடைவெளியில் இருவரும் தலை வெட்டப்பட்டனர். 1935-இல் இருவரும் ஒன்றாகவே புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். இன்றும் ஜூன் 22-இல் ஒரே நாளில் திருச்சபை அவர்களை நினைவுகூர்கிறது. போட்டியாளரான இரு கல்விக்கூடங்களின் மைந்தர் ஒரே சாட்சியத்தில் இணைந்தனர். மனச்சான்றை எந்தப் பட்டமும் அவர்களுக்கு வழங்கவில்லை. பெற்ற கல்வியை மனச்சான்றின் பணிக்கு அவர்களே ஒப்படைத்தனர்.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியாரும் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மாணவரே. அன்பைவிட அறிவை மிகுதியாகக் கொண்டிருந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தாரிடம், குறிப்பாகப் பாரிஸில் இருந்தோரிடம் சென்று, பித்தனைப் போல் உரக்கக் கூவ வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாக 1544-இல் கொச்சியிலிருந்து அவர் எழுதினார். அவர்கள் எந்தக் கல்விக்கூடத்தில் பயின்றனர் என்பது அவரை வருத்தவில்லை. பயின்றதை யாருக்காக வைத்திருக்கின்றனர் என்பதே வருத்தியது.

நம் பிள்ளைகள் இரு நல்ல கதவுகளின் முன் நிற்கும் நாள் வரலாம். அன்று நாம் அவர்களிடம் எதைக் கேட்கப்போகிறோம்? ‘எது பெரியது?’ என்று கேட்டால், அவர்கள் அளவுகோலைக் கற்றுக்கொள்வர். ‘உன்னிடம் உள்ள கொடை எங்கே வளரும்? வளர்ந்தபின் யாருக்குப் பயன்படும்?’ என்று கேட்டால், தேர்ந்துகொள்ளும் கலையையே கற்றுக்கொள்வர். அதன்பின் எக்கதவு திறந்தாலும், ஒருவேளை இரண்டுமே மூடிக்கொண்டாலும், அவர்கள் வழி தவற மாட்டார்கள்.