ஆபத்தர்மமும் ஒரு கையொப்பமும்

அதர்மத்தின் ஆட்சியில் அகப்பட்ட ஒரு தேசத்தில், ஜனங்களின் பசி தீரவேண்டும் என்பதற்காக அந்த ஆட்சிக்கே கருவியாக நின்று ஒரு காரியத்தைச் செய்யலாமா என்னும் கேள்வி, ஏட்டில் உள்ள தர்ம விசாரமாக நின்றுவிடாமல், 1940-ஆம் ஆண்டில் போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் பெலிக்ஸ் மிளினார்ஸ்கி என்பவரின் முன் வந்து விடை கேட்டது.

அவர் தத்துவம் பயின்றவர். போலந்து வங்கியின் உபதலைவராக இருந்தவர். தங்கத்தையும் மத்திய வங்கிகளையும் பற்றி 1929-இல் நூல் எழுதியவர். 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் படையெடுத்தபோது போலந்து வங்கியின் தங்கம் ருமேனியா வழியாக வெளியேறிவிட்டது. நிர்வாகமும் அயல்நாடு சேர்ந்தது. ஆக்கிரமித்தவர்கள் கிராக்கோவில் புதிதாக ஒரு வெளியீட்டு வங்கியை நிறுவி, அதன் தலைமைக்கு அவரை அழைத்தபோது, நாடு கடந்து இயங்கிய போலந்து அரசின் இசைவைப் பெற்றே அவர் அதை ஏற்றார்.

அந்த வங்கி வெளியிட்ட, 1940 மார்ச் 1 என்று தேதியிட்ட நோட்டுகளுள் 20 ஸ்லோட்டி நோட்டை உற்றுப் பார்த்தால், 1830-31 கிளர்ச்சியில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் படைக்கு எதிராக ஆயுதம் தாங்கிய எமிலியா பிளாதெர் என்ற வீராங்கனையின் முகம், யுத்தத்துக்கு முந்தைய நோட்டில் இருந்தவாறே இதிலும் இருக்கக் காணலாம். தேசப்படத்திலிருந்து துடைக்கப்பட்ட நாட்டின் பெயரும், அந்நாட்டு மொழியும், மிளினார்ஸ்கியின் கையொப்பமும் அதில் இருந்தன. ஜனங்கள் அவர் பெயராலேயே அதை 'மிளினார்க்கி' என்று அழைத்தார்கள். தங்கத்தின் பெருமையை ஆராய்ந்தவர், பின்னால் ஒரு குன்றிமணித் தங்கமும் இல்லாத காகிதத்துக்குத் தம் பெயரைப் பிணையாகக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தால் தொழிலாளி கூலி பெற்றான், தாய் ரொட்டி வாங்கினாள். அதே காகிதத்தைக் கொண்டே ஆக்கிரமிப்பு அரசும் தன் செலவுகளை நடத்தியது. நோட்டுகள் பெருகப் பெருக விலைவாசி ஏறி, அந்தச் சுமையும் ஏழையின் தலையிலேயே விழுந்தது.

மகாபாரதத்தின் சாந்தி பர்வம், ஆபத்துக் காலத்துக்கு மட்டும் உரிய நெறியாகிய ஆபத்தர்மத்தைப் பேசுமிடத்தில், பஞ்ச காலத்தில் நாய் இறைச்சியைத் திருடத் துணிந்த விசுவாமித்திரரைக் காட்டுகிறது. ஆனால் முனிவர் காக்க நினைத்தது தம் உயிரை. அதனால் நேரும் பாவமும் அவரோடு நின்றுவிடும். கிராக்கோவில் இட்ட கையொப்பத்தின் பலனோ, பசித்தவனையும் பசிக்க வைத்தவனையும் ஒருங்கே சென்று அடைந்தது. அதைப் பிரித்துக் கொடுக்கும் சக்தி கையொப்பமிட்டவருக்கு இல்லை. இந்த நிலைக்கு அந்தப் பழங்கதை முழு விடை தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

1943 ஆகஸ்டு 12-இல் வார்சாவின் செனத்தோர்ஸ்கா வீதியில், தலைமறைவாக ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய போலந்தின் தாயகப் படையினர் இந்த வங்கியின் பணத்தை ஏற்றிச் சென்ற வண்டியை மறித்து, 10 கோடிக்கு மேற்பட்ட ஸ்லோட்டிகளைக் கைப்பற்றினார்கள். 500 ஸ்லோட்டி நோட்டில் உள்ள மலைவாசியின் உருவத்தை வைத்து அச்செயலுக்கு 'குரால்' என்று பெயரிட்டார்கள். ஆக்கிரமிப்பாளனின் பணம் விடுதலைப் போரின் செலவுக்கு ஆயிற்று. இதைக் காட்டி மிளினார்ஸ்கியை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. 1940-இல் அவர் இதை அறிந்திருக்க முடியாது, அறியாத பலனைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ள ஒருவருக்கும் உரிமை இல்லை.

கையொப்பமிட்டது சரியே என்பது என் துணிபு. போலந்து அரசின் இசைவு அவர் பொறுப்பைக் குறைத்ததால் அன்று. விலகி நின்றிருந்தால் அவர் கரங்களின் தூய்மைக்கு வேறு மனிதர்கள் தம் பசியால் விலை கொடுத்திருப்பார்கள் என்பதால். ஆயினும் சரியான செயல் என்பதாலேயே அது களங்கமற்றது ஆகிவிடாது. அந்த ரொட்டியை உண்டு பிழைத்தவர்களும், ஒவ்வொரு நாளும் அந்த நோட்டைக் கைமாற்றியவர்களும் அக்களங்கத்தில் பங்குடையவர்கள். அவர் ஒருவர்மேல் மட்டும் அதைச் சுமத்துவது நீதியாகாது.