சும்மா இருப்பதும் சும்மா கிடப்பதும்

ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக ஒருவனைக் குற்றம் சொல்ல முடியுமா என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. கீழக்கரையில் என் வீட்டுப் பின்கட்டில் மூன்று வருஷம் கிடந்த ஓர் அவுட்போர்டு எஞ்சினிலிருந்து வந்தது.

இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. வள்ளத்தின் பின்புறம் எஞ்சினை மாட்டிக்கொண்டு போகிற நாட்டுப்படகுக்காரர்களுக்கு அது இல்லை. ஆகவே அந்த எஞ்சின் எப்போது ஓய வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் தேதி கிடையாது. ஆள் ஊரைவிட்டுப் போகிற தேதிதான் அதன் தேதி. முத்து வியாபார காலத்திலிருந்தே கடல் தாண்டிப் பழகிய ஊர் இது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன நண்பர் ஒருவர், "சார், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று எஞ்சினை என்னிடம் விட்டுப்போனார். நான் அதைத் தரையில் படுக்கவைத்து, பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டி, அறையைப் பூட்டினேன். மூன்று வருஷம் அதை யாரும் தொடவில்லை. நானும்தான்.

அவர் திரும்பி வந்து கயிற்றை இழுத்தபோது அது அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி ஒட்டிப்போயிருந்தது. "உப்புக்காத்து சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். வெகுநாள் அது உறுத்தியது.

வங்கி உத்தியோகம் பாதுகாப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்தைப் பழக்கியிருந்தது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிறது. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால், தொகை ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய நிதிக்குப் போகிறது. அப்போதும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். தொடாமல் வைத்திருப்பதே அங்கே நாணயம். என் பின்கட்டு விஷயத்திலும் நான் யோக்கியனாகத்தான் நடந்துகொண்டேன். எஞ்சின் அதனால்தான் கெட்டது.

அதைப் பழுது பார்த்த கொட்டகையில், வேறொருவருடைய எஞ்சினை நீண்டநாள் நிறுத்திவைக்கத் தயார் செய்வதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, கீழ்ப்பகுதியை அமிழ்த்தி ஓடவிட்டார்கள். கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிற எஞ்சின் அது. உள்வழிகளில் உப்பு படிந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் குழாயைப் பிடுங்கினார்கள். கார்புரேட்டரில் மிஞ்சியது எரிந்து தீர்ந்து, அது திணறித் தானாக நின்றது. நாமாக நிறுத்தக் கூடாதாம். உள்ளே தங்குகிற பெட்ரோல் மாதக்கணக்கில் பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து உள்ளே பரவவிட்டார்கள். கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தார்கள். மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில், வள்ளத்தில் நிற்பதுபோலவே நிமிர்த்தி ஒரு சட்டத்தில் மாட்டினார்கள். படுக்கவைத்தால் கீழ்ப்பகுதியில் தேங்கிய நீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். அக்கறை என்று நினைத்து நான் செய்தவை இந்த இரண்டும்தான்.

தாயுமானவரின் சமாதி எங்களுக்குப் பக்கத்தில் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. சும்மா இருத்தலை ஒரு பெரும் சாதனையாகப் பாடியவர் அவர். நாம் அதை ஒன்றும் செய்யாமை என்று சௌகரியமாகப் படித்துக்கொள்கிறோம். சும்மா இருப்பது வேறு, சும்மா கிடப்பது வேறு என்று எனக்கு இப்போது படுகிறது. இருப்பதற்கு முன்னால் தீர வேண்டியதெல்லாம் தீர்ந்திருக்கிறது. கிடப்பதில், ஓட்டத்தின் மிச்சம் உள்ளேயே தங்கி வேலை செய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்குத் தெரியாதே என்று வாதிக்கலாம். தெரியாதது உண்மை. யாரையும் கேட்கவில்லை என்பதும் உண்மை. அவர் என்னைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைப் பார்க்கவில்லை.

நம் துறையிலும் இது நடந்திருக்கிறது. பயபக்தியோடு மூட்டை கட்டிப் பரணில் போட்ட ஏடுகளைக் கரையான் தின்றது. சாமிநாதையர் கைக்கு வந்து சேர்ந்தவை, தலைமுறைக்குத் தலைமுறை யாரோ அவிழ்த்து, எண்ணெய் பூசி, நைந்ததைப் புது ஓலையில் பெயர்த்து எழுதியதால் பிழைத்தவை. பழையதை மதிப்பதாகச் சொல்லித் தொடாமல் வைத்திருக்கும் பண்டிதர்களும், பழையது வேண்டாமென்று தொடாமல் விட்ட நம்மைப் போன்றவர்களும் இந்த விஷயத்தில் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நண்பர் மறுபடியும் வளைகுடாவுக்குப் போவதற்கு முன், உப்புக்காற்று இல்லை, நான்தான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். இந்தத் தடவை எஞ்சினைக் கொட்டகையில் விட்டுப் போயிருக்கிறார். மாதம் ஒருமுறை போய், மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு, கயிற்றை மெல்ல ஒருதரம் இழுத்துவிட்டு வருகிறேன். என்னை யாரும் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.