குடித்தவன் குற்றமும் ஆள்வோர் கடமையும்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவனுக்கு ஊரார் வரிப்பணமா என்ற கேள்வி உடனே எழுந்தது. களமருதூரிலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ காலமெல்லாம் சொட்டுக்கூடத் தீண்டாமல் உழைத்து, கரும்புக் கொல்லையில் பாம்பு தீண்டிச் சாகிறவனின் மனைவிக்கு அத்தனை பெருந்தொகை எளிதில் கிட்டுவதில்லையாதலால், அக்கேள்வியை வெறும் வன்நெஞ்சம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

ஆயினும் இந்த வாதம் புதிதன்று. மாதர் வாக்குரிமை, குழந்தைத் தொழிலாளர் தடை என்று சீர்திருத்த உற்சாகம் பெருகியிருந்த காலத்தில், அமெரிக்கா மதுவிலக்கைத் தன் அரசியல் சாசனத்தின் 18-ஆவது திருத்தமாகவே எழுதி, 1920 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. ஆலைகளுக்கென்று வடித்த சாராயம் களவாடப்பட்டுக் குடிக்கு விலையாவதைக் கண்ட சர்க்கார், அதில் மெத்தனாலை மேலும் மிகுதியாகக் கலக்கச் செய்தது. 1926 கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க் மருத்துவமனைகளில், அத்தகைய சாராயத்தைக் குடித்தவர்களின் பிணங்கள் விழுந்தன. மதுக்கடை எதிர்ப்புச் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான வெய்ன் வீலரோ, அவ்வாறு குடித்தவர்கள் தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்கள் என்ற கருத்தைக் கூசாமல் வெளியிட்டார். குடியால் அழியும் குடும்பங்களைக் காக்கப் புறப்பட்ட கருணை, குடித்தவன் சாவைக் கணக்கில் கொள்ளாத அளவுக்கு இறுகிப்போனதே அந்த இயக்கத்தின் பெரிய விபரீதம் என்று தோன்றுகிறது. 1933-இல் அத்திருத்தம் நீக்கப்பட்டது.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1937 அக்டோபரில், ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அவ்வாண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் நிழலிலேயே அரசின் டாஸ்மாக் மதுக்கடையும் நடக்கிறது, அதன் பிரிவுகளின்படியே சாராய வியாபாரியும் சிறை செல்கிறான். ஒரு கையால் விற்று மறு கையால் தண்டிக்கும் அரசு, கடை விலை கட்டுப்படியாகாமல் பாக்கெட் சாராயத்தை நாடிய கூலிக்காரனை நோக்கி, உன் வினை உன்னோடு என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது. அவன் செய்தது பிழைதான்; அவன் பிழையால் போலீஸ் காவலின் பிழை கரைந்துவிடாது. மேலும் அந்தப் பணம் போய்ச் சேர்வது, குடிக்காத மனைவியிடமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடமும்.

இருந்தும், நிதி கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்பதை ஒப்புவதற்கில்லை. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குவதற்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தவனுக்கு முறிமருந்து உண்டு. (நல்ல எத்தனாலே அம்மருந்துகளுள் ஒன்று என்பது விதியின் பரிகாசம்.) குடித்ததைச் சொன்னால் வழக்கு வருமோ, ஊர் ஏசுமோ என்று வீட்டிலேயே சுருண்டு கிடப்பவன் அந்த நேரத்தை இழக்கிறான். கள்ளக்குறிச்சியில் முதற்சாவுகளுக்குக் காரணம் சாராயமன்று என்று அதிகாரிகள் தரப்பில் மறுத்ததால், துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே குடித்தார்கள் என்ற புகாரும் எழுந்தது. குடித்தவர்கள் பயப்படாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரட்டும், வழக்கில்லை என்று முதல் நாளே தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தால், அதற்கு ஆகியிருக்கும் செலவு ஓர் ஆட்டோவின் ஒருநாள் வாடகைதான்.